மண்ணின் முன்கதை – 11: சூரியனில் தெரிந்த மஞ்சள் கோடு

சென்ற பகுதியில் சங்கராபரணியின் போக்கிலேயே செஞ்சிக் குன்றுகளிலிருந்து இறங்கி வந்தோம். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்தோம். வில்லியனூரைத் தாண்டி ஆறு கிளை பிரிந்து, அதன் தென்கிளையான சுண்ணாம்பாறு பூரணாங்குப்பத்தருகே கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வந்து நின்றோம். அங்கே அள்ளிய மணலில் வெள்ளையாகப் பளபளப்பது குவார்ட்ஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். அலை பின்வாங்கும்போது கறுப்பு வரிகளாகத் தங்கிவிடுபவை இரும்பு கலந்த கனிமங்கள். நொறுங்கிய கிளிஞ்சலில் இருப்பது கால்சியம். செஞ்சிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு என்பதோடு நிறுத்தியிருந்தேன்.

அது பாறையின் வயது. அந்தப் பாறைக்குள் இருக்கும் சிலிக்கனும் இரும்பும் அதற்கு முன்பே எங்கோ இருந்தாக வேண்டும். பூமியே 454 கோடி ஆண்டுக்கு முன்புதான் திரண்டது. அதற்கும் முன்னால் அவை எங்கே, எப்படி உருவாயின? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கைத்தான் இந்தப் பகுதியில் சொல்லப் போகிறேன்.

புதுச்சேரியிலிருந்தே தொடங்கலாம். 1768ஆம் ஆண்டு கியோம் லெ ஜென்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே வந்து இறங்கினார். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதை அளந்து, சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவது அவருடைய வேலை. 1761இல் நடந்த முதல் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்ததால் அவரால் கரையேறவே முடியவில்லை. ஆடும் கப்பலில் இருந்து பார்த்த காட்சி கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் நோக்ககம் கட்டினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்கு ஒரு தொலைநோக்கியைத் தந்து உதவினார்கள். 1769 ஜூன் 4ஆம் தேதி விடியலில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது.

அந்த ஏமாற்றத்தை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். காத்திருந்த நாட்களில் அவர் செய்த இரண்டு காரியங்கள் நமக்கு அதைவிட முக்கியம். வீராம்பட்டினத்தை ஒட்டி ஆற்றங்கரையில் பழஞ்செங்கல் சுவர்கள் கிடப்பதைக் குறித்து வைத்தார். பின்னாளில் அரிக்கமேடு என்று உலகம் அறிந்த இடம் அது. இன்னொன்று, தமிழ்க் கணிதர்களிடம் உட்கார்ந்து கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டது. 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தமிழ் முறைப்படி போட்ட கணக்கு 41 விநாடிதான் குறைந்தது. அன்று ஐரோப்பாவில் மிகச் சிறந்தவை என்று மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிக் காட்டின. கணக்கைப் போட்டவர்கள் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டு போட்டார்கள். வானத்தில் எது எப்போது நடக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வானத்துப் பொருள்கள் எதனால் ஆனவை என்பது அவர்களுக்கும் தெரியாது, லெ ஜென்திலுக்கும் தெரியாது. அப்போது பூமியில் யாருக்குமே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளவே முடியாது என்று எழுதியவரும் உண்டு. 1835இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஓகஸ்த் கோம்த், விண்மீன்களின் தூரத்தையும் அளவையும் மனிதன் அறியலாம், அவற்றின் வேதிப்பொருளை மட்டும் ஒருநாளும் அறிய வழியில்லை என்றார். நியாயமான முடிவாகத்தான் அன்று தோன்றியிருக்கும். கையால் தொட முடியாததை எப்படிச் சோதிப்பது? கோம்த் இறந்து இரண்டே ஆண்டில், 1859இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிர்ஷாஃபும் பன்சனும் அதற்கு வழி கண்டார்கள். அடுப்பில் உப்பு சிந்தினால் தீ மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் நிறம். அந்த ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தால், நெருங்கி நிற்கும் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. ஒன்றின் கோடு இன்னொன்றுக்கு அமையாது. சூரிய ஒளியைப் பிரித்துக் கோடுகளைப் படித்தால் சூரியனில் என்ன இருக்கிறது என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். சோடியம், இரும்பு, கால்சியம் எல்லாம் அங்கே இருப்பது தெரிந்தது.

இந்தக் கருவி கைக்கு வந்த பிறகு நடந்த முதல் பெரிய முழுச் சூரிய கிரகணம் 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி இந்தியாவின் மேல் விழுந்தது. அதன் நிழல் மேற்குக் கரையில் ஏறி, பீஜப்பூர், குண்டூர் வழியாக மசூலிப்பட்டணத்தில் கடலுக்குள் இறங்கியது. முழு மறைப்பு இந்தியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தது. ஒரு கிரகணத்துக்கு இது அரிதான நீளம். பாரிசிலிருந்து ஜூல் ஜான்சென் கப்பலேறிச் சென்னை வந்து, அங்கிருந்து குண்டூர் போய், ஒரு பிரெஞ்சு வணிகரின் வீட்டில் தங்கிக் கருவிகளை நிறுத்தினார். ஆங்கிலேய அரசின் சார்பில் மேஜர் டென்னன்ட்டும் குண்டூரில்தான் முகாமிட்டார். சென்னை வானியல் நோக்ககத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டணத்துக்குப் போனார். அதே நோக்ககத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி, நிஜாம் சீமையிலிருந்த வனபர்த்திக்குத் தனிக் குழுவோடு அனுப்பப்பட்டார்.

நிலா சூரியனை முழுக்க மறைத்ததும் அதன் விளிம்பில் செந்நிறத் தழல்கள் நீட்டிக்கொண்டு தெரிந்தன. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் பிரகாசமான கோடுகள் தெரிந்தன. தழல்கள் ஒளிரும் வாயு, முக்கியமாக ஹைட்ரஜன், என்பது சில நிமிடங்களில் தீர்ந்த விஷயம். அந்தக் கோடுகள் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பிரகாசமாக இருந்ததால், கிரகணம் இல்லாத நாளிலும் இவற்றைப் பார்க்கலாமே என்று ஜான்செனுக்குத் தோன்றியது. மறுநாள் ஆகஸ்ட் 19ஆம் தேதி காலை, குண்டூரில் முழுச் சூரியன் காய்ந்துகொண்டிருக்கும்போதே தழல்களைப் பார்த்துவிட்டார். வானியலுக்கு அவர் தந்த பெருங்கொடை இதுதான். இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் தனியாக அதே முறையைக் கண்டு அக்டோபர் 20ஆம் தேதி வெற்றி பெற்றார். இருவருடைய செய்தியும் அக்டோபர் 26ஆம் தேதி, ஒரே நாளில், பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வாசிக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு இருவர் முகத்தையும் சேர்த்து ஒரு பதக்கம் வார்த்தது.

அந்தக் கோடுகளில் ஒன்று மஞ்சள். பார்த்தவர்கள் பலர் அதைச் சோடியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மசூலிப்பட்டணத்தில் இருந்த போக்சனுக்குச் சந்தேகம் வந்தது. கோடு சோடியத்தின் இடத்துக்கு அருகில் இருக்கிறது, ஆனால் சரியாக அந்த இடத்தில் இல்லை என்று பதிவு செய்தார். அவருடைய அறிக்கை சென்னையில் அச்சாகி, அதிகம் பேர் கைக்குப் போகாமலே நின்றுவிட்டது. பின்னர் லாக்யர் அந்த இடத்தைத் துல்லியமாக அளந்து, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை என்று கண்டு, சூரியனின் கிரேக்கப் பெயரைக் கொண்டு ஹீலியம் என்றார்.

‘குண்டூரில் ஜான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்’ என்று பாடப்புத்தகங்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இன்னமும் அச்சாகிறது. அதைத் திருத்த வேண்டும். புதிய தனிமம் என்று ஜான்சென் எங்கும் சொல்லவில்லை. கோடு விலகி நிற்பதை முதலில் கவனித்தவர்களில் போக்சன் ஒருவர். புதுப் பொருள் என்று துணிந்தவர் லாக்யர். மண்ணில் அதைப் பிடித்துக் காட்டியவர் வில்லியம் ராம்சே. 1895இல் லண்டனில், யுரேனியம் கலந்த ஒரு கனிமத்தை அமிலத்தில் இட்டு வந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைப் பார்த்தார். 27 ஆண்டு சூரியனில் மட்டும் இருப்பதாக நம்பப்பட்டு, பலரால் நம்பப்படாமலும் இருந்த பொருள் அது.

1871 டிசம்பர் 12ஆம் தேதி கிரகணத்துக்கு ஜான்சென் மறுபடி தெற்கே வந்தார்; இம்முறை லாக்யரும் வந்தார். ஜான்சென் நீலகிரியில் சோலூரில் நின்றார்; லாக்யர் பேக்கல் கோட்டையில். அந்த நிழல் யாழ்ப்பாணத்தையும் தொட்டுச் சென்றது.

பூமியில் ஹீலியம் எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் சிதையும்போது வெளியேறும் ஆல்ஃபா துகள் ஹீலியத்தின் அணுக்கருதான். இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் ஹீலியம் ஆகிவிடும். அந்த மணலைச் சூடாக்கினால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டிருந்த ஹீலியம் வெளியே வரும். சூரியனில் இருக்கும் ஹீலியத்தின் கதை வேறு.

அந்தக் கதைக்குக் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், ஒரு தனிமத்தின் அணு எலக்ட்ரானை இழக்கும் என்பதற்கு 1920இல் மேகநாத சாகா ஒரு சமன்பாடு தந்தார். கோடு பிரகாசமாகத் தெரிவதால் மட்டும் அந்தப் பொருள் அதிகம் என்று ஆகாது, வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவானது. ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண் 1925இல் சாகாவின் சமன்பாட்டை விண்மீன்களுக்குப் போட்டுப் பார்த்தார். சூரியனும் பூமியைப் போன்ற கலவைதான் என்று எல்லாரும் நம்பிய காலம். அவருடைய கணக்கில் ஹைட்ரஜன் மற்ற தனிமங்களைவிடப் பல இலட்சம் மடங்கு வந்தது, அடுத்து ஹீலியம். மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் ஏற்கவில்லை. ஆய்வேட்டில் தன் முடிவைத் தானே சந்தேகித்து ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று பெய்னுக்கு. நான்கு ஆண்டு கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் கணக்கிட்டு அவர் சொன்னது சரி என்றார்.

பிரபஞ்சம் சுமார் 1,380 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கியது. அதன் முதல் சில நிமிடங்களில் நிறையளவில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், துளி லித்தியம் என்று ஆகி, அத்தோடு அந்த முதல் உலை ஆறிவிட்டது. சூரியனில் உள்ள ஹீலியத்தில் பெரும்பகுதி அந்த நிமிடங்களுடையது. மீதியைச் சூரியன் தன் நடுவில் ஹைட்ரஜனை இணைத்து இன்றும் செய்துகொண்டிருக்கிறது. கார்பன் முதல் உலையில் வரவே இல்லை. காரணம் எளிது. இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் மோதிச் சேர்ந்தால் பெரிலியம்-8 வருகிறது. ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பகுத்து, அந்தப் பங்கையும் நூறாகப் பகுத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் அது நிற்கும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்தாக வேண்டும். இரண்டு கல்லில் உலை நிற்காது, மூன்றாவது கல் வேண்டும் என்பதுபோல.

10 கோடி டிகிரி வெப்பம் உள்ள செம்பூத விண்மீனின் நடுவில் அந்த மூன்றாவது சேர்க்கை நடக்கும் என்று எட்வின் சால்பீட்டர் 1952இல் காட்டினார். இருந்தும் கணக்கு உதைத்தது. உலகில் உள்ள அளவுக்குக் கார்பன் அதில் வராது. 1953இல் ஃபிரெட் ஹாயில் கலிபோர்னியாவுக்குப் போய், கார்பன் அணுக்கருவுக்கு ஏறத்தாழ 7.7 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு கிளர்ந்த நிலை இருந்தே தீர வேண்டும், தேடிப் பாருங்கள் என்று வில்லியம் ஃபவுலரின் ஆய்வகத்தில் கேட்டார். அந்த நிலை இருந்தால்தான் மூன்று ஹீலியம் சேர்வது விரைவாகும். அவருடைய வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கார்பன் உலகில் நிறைய இருக்கிறது என்பதையே அவர் சான்றாக வைத்தது. சோதனை செய்தார்கள், 7.65இல் இருந்தது.

விண்மீன்களுக்குள் தனிமங்கள் சமைகின்றன என்பதற்கு நேரடிச் சாட்சியும் 1952இல் கிடைத்தது. டெக்னீசியம் என்ற தனிமத்தின் எந்த வகையும் சில இலட்சம் அல்லது சில பத்து இலட்சம் ஆண்டுக்கு மேல் தாங்காது. பாதி பாதியாகச் சிதைந்து போய்விடும். அதன் கோடுகளைப் பால் மெரில் சில முதிய விண்மீன்களில் பார்த்தார். அந்த விண்மீன்களின் வயது அதைவிடப் பல மடங்கு. அவை அந்த டெக்னீசியத்தைத் தமக்குள்ளேயே அண்மையில் செய்திருக்கின்றன. 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஃபவுலர், ஹாயில் நால்வரும் எந்தத் தனிமம் எந்த வழியில் உருவாகிறது என்பதை ஒரே நீண்ட கட்டுரையில் எழுதினார்கள். இன்று நாம் கற்பிப்பதன் அடித்தளம் அந்தக் கட்டுரை.

இரும்புக்கு வருவோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல், இன்னும் இருபது நிரம்பாத வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் போட்ட கணக்கு உலகறிந்தது. எரிந்து தீர்ந்த வெண்குறு விண்மீன், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் நிலையாக நிற்க முடியாது. அந்த எல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீன் சில சூழல்களில் ஒட்டுமொத்தமாக வெடித்துவிடும். ஒரு வெடிப்பில் சூரியனின் நிறையில் பாதிக்கும் மேல் நிக்கல்-56 உண்டாகி, கோபால்ட்டாகி, சில மாதங்களில் இரும்பாகிறது. நம் பால்வீதியில் உள்ள இரும்பில் பெரும்பங்கு இப்படி வந்தது. சந்திரசேகரும் ஃபவுலரும் 1983ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தங்கம் பற்றிச் சுருக்கமாக: 2017 ஆகஸ்ட் 17ஆம் தேதி இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை பூமிக்கு வந்தது. அந்த மோதலின் ஒளியில் கனமான தனிமங்கள் உருவாவது தெரிந்தது. தாலித் தங்கத்துக்கும் மணவாளக்குறிச்சித் தோரியத்துக்கும் அப்படிப்பட்ட மோதல்கள் ஒரு பிறப்பிடம்.

இப்போது பூரணாங்குப்பத்து முகத்துவாரத்தில் உள்ளவற்றுக்கு ஊர் சொல்லலாம். மணலின் சிலிக்கனும் ஆக்சிஜனும் சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன்களில் உருவாகி, அவை வெடித்தபோது சிதறியவை. கறுப்பு வரிகளின் இரும்பில் பெரும்பகுதி சந்திரசேகரின் எல்லையில் வெடித்த விண்மீன்களுடையது. கரையோர முந்திரியிலும் சவுக்கிலும் உள்ள கார்பன் அந்த மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்ததால் ஆனது. ஆற்று நீரின் ஹைட்ரஜன் எல்லாவற்றுக்கும் மூத்தது. முதல் நிமிடங்களிலிருந்து இருப்பது. நம் உடம்பின் எடையில் சுமார் 65 விழுக்காடு ஆக்சிஜன், 18 கார்பன், 10 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன். உயிருக்கு வேண்டிய முக்கியச் சரக்கெல்லாம் பூமி பிறக்கும் முன்பே தயாராகிவிட்டது.

சரக்கு உயிராவது எப்படி? வளிமண்டலத்தில் ஆக்சிஜன் இல்லாத இளம் பூமியில், சூரியனின் புறஊதாக் கதிர் பட்டுக் கடல்நீரில் கரிமச் சேர்மங்கள் திரண்டன என்று 1929இல் எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். அந்தக் கருத்தை ஆய்வகத்தில் வளர்த்தவர்களில் இலங்கைக் காலியில் 1923இல் பிறந்த சிரில் பொன்னம்பெரும ஒருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்று, பிறகு லண்டனில் வேதியியல் படித்து, கலிபோர்னியாவில் முனைவரானார். மீத்தேன், அம்மோனியா, நீர் கலந்த கலவையில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அடினைன் உண்டாவதை அவரும் கூட்டாளிகளும் 1963இல் காட்டினார்கள். நம் மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்று அது.

1969 செப்டம்பர் 28ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. நாசாவில் பொன்னம்பெருமவின் குழு அதை ஆராய்ந்து, 1970 டிசம்பரில் அதில் அமினோ அமிலங்கள் இருப்பதாக அறிவித்தது. பூமியின் கைபட்டு ஒட்டியதாக இருக்கலாமே என்ற ஐயத்துக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. பூமியில் உயிர்களின் புரதங்களில் அமினோ அமிலம் இடக்கை வடிவில்தான் இருக்கும். கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. உயிரினப் புரதங்களில் வராத வகைகளும் இருந்தன. அதே கல்லிலிருந்து எடுத்த சிலிக்கன் கார்பைடு துகள்களில் சில, சூரியனுக்கும் மூத்தவை. ஏறத்தாழ 700 கோடி ஆண்டு வயதுவரை போகின்றன என்று 2020இல் கணக்கிட்டார்கள்.

அமினோ அமிலத்திலிருந்து தன்னைத் தானே படியெடுக்கும் உயிருக்குப் போகும் பாதை இன்னும் திறக்கவில்லை. அடுத்த பகுதியில் அதைப் பேசுவோம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். வனபர்த்தியில் நின்ற இரகுநாதாச்சாரி 1874இல் வெள்ளிக் கடப்பை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். பண்டிதரும் சித்தாந்தியும் பேசிக்கொள்ளும் உரையாடலாக, பஞ்சாங்கம் படித்தவர்களுக்கும் புரியும்படி எழுதினார். நம் மக்களுக்குப் பயிற்சி தர ஒரு நோக்ககம் வேண்டும் என்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். சந்திரசேகரின் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கும் இவர் பெயர் தெரியாது. புதுச்சேரிக் கிராமப்புறப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் இந்தத் தொடரைப் படிப்பதாகக் கடிதங்கள் சொல்கின்றன. ஹீலியம் பாடம் வரும் நாளில், குண்டூரோடு மசூலிப்பட்டணத்தையும் வனபர்த்தியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஜான்சென் பெயருக்குப் பக்கத்தில் போக்சன், இரகுநாதாச்சாரி பெயர்களையும் எழுதுங்கள்.